மேப்பு ஏறிய மேடு

அன்று காலை போளூர் பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள்: மேப்பு. நான். எங்கள் தெரு ஜோசப். ராஜபாளையம். ஓ.டி. ஐந்து பேர், ஐந்து சைக்கிள், கதவு அளவுக்கு ஓர் அட்டை.

ராஜபாளையம் என்பது ஊர்ப் பெயர். அவன் பெயர் வேறு. அவன் ரூமில் இன்னும் இரண்டு பேருக்கு அதே பெயர் இருந்ததால் ஊரைச் சொல்லிக் கூப்பிட்டோம். ஓ.டி. என்பவன் ஓவர்டைம் என்று யார் சொன்னாலும் மறுக்காதவன். தூக்கத்தில் சொன்னால்கூட எழுந்து ஷூவைத் தேடுவான். ஜோசப்பும் நானும் பென்னலூர். எல்லோருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனி, ஒரே லைன். கார் கதவுக்கு ரப்பர் மாட்டுகிற லைன்.

மேப்பு எங்கள் லைன் லீடர். மேப் வரைகிறவர் என்பதால் அந்தப் பெயர். சைக்கிளில் மலைக்குப் போக வழி தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் ஆயிரம் பேர் இருப்பார்கள். போகாமலே தெரிந்தவர் மேப்பு ஒருவர்தான்.

ரப்பர் எல்லாம் பெரிய அட்டைப் பெட்டியில் வரும். காலிப் பெட்டியைப் பிரித்தால் ஒரு கதவு அகலம் இருக்கும். அதில் ஒன்றைச் சுருட்டாமல், மடிக்காமல், தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மேப்பு கேட்டுக்கு வருவார். செக்யூரிட்டி நிறுத்துவார்.

“திரும்பவும் அட்டையா?”

“மலை வரையணும்.”

“போன வாரம்தானே ஒண்ணு எடுத்துகினு போன?”

“அது கொல்லிமலை. இது ஜவ்வாது.”

செக்யூரிட்டி அட்டையின் இரண்டு பக்கமும் பார்ப்பார். மலை எதுவும் இருக்காது. விட்டுவிடுவார்.

எங்கள் தெருவில்தான் மேப்பு வாடகைக்கு இருந்தார். அந்த ரூமுக்குச் சுவர் உண்டு என்று கேள்வி. நான் பார்த்ததில்லை. கட்டிலுக்கு மேல் கொல்லிமலை. கதவுக்குப் பின்னால் ஏலகிரி. ஃபேன் போட வேண்டுமென்றால் கல்வராயன் மலைக்குள் கையை விட்டு ஸ்விட்சைத் தேட வேண்டும். கூட இருந்த பையன்கள் நைட் ஷிப்டு முடித்து வந்து பகலெல்லாம் அந்த மலைகளுக்கு அடியில் தூங்கினார்கள். யாரும் குறை சொல்லவில்லை. அட்டை வெயிலைத் தடுத்தது.

வழியை எங்கே பிடித்தார் என்று கேட்கலாம். பாதி போனில் பார்த்தது. மீதி கேட்டது. பலாப்பழம் விற்க வந்தவர், தேன் விற்க வந்தவர், லாரி டிரைவர் என்று மலைப்பக்கம் இருந்து யார் வந்தாலும் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துவிடுவார். எந்த ஊரில் பழைய கல்வீடு இருக்கிறது, எந்த ஊரில் நடுகல் இருக்கிறது, எந்த ஊரில் டீ கிடைக்காது, எல்லாம் அட்டையில் ஏறும். நடுகல் என்றால் பழைய காலத்தில் மாடு மீட்கப் போய்ச் சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல். ஜவ்வாது மலைப்பக்கம் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள்.

ஆனால் ஊரை ஊர் மாதிரி வரைய மேப்புக்குத் தெரியாது. எங்கள் லைனில் ஆள் நிற்கிற ஒவ்வோர் இடத்துக்கும் ஸ்டேஷன் என்று பெயர், அதற்கு ஒரு நம்பர். அதே பழக்கம். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு நம்பர், கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. பார்த்தால் மலை மாதிரி இருக்காது. மலையில் யாரோ ஃபேக்டரி கட்டப்போகிற மாதிரி இருக்கும். இது பின்னால் எங்களுக்கு வினையாக வந்தது.

மேப்புவின் சொந்த ஊர் போடி. ஒருநாள் ஜோசப் கேட்டான்.

“உங்க ஊர்லயே பெரிய மல கீதாமே?”

“வாசல்ல நின்னாத் தெரியும்.”

“எப்பவாச்சும் ஏறிக்கிறியா?”

“வாசல்ல கெடக்குறத எவம்ப்பா ஏறுவான்?”

அவர் தொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு நீலத் தொப்பி. லைன் லீடருக்குச் சிவப்பு. நீலம் போட்டவன் ஷிப்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சிவப்பு போட்டவன் நடக்கலாம். தூணில் சாயலாம். ஸ்டூல்கூட உண்டு. மேப்பு பல வருஷம் நீலத்தில் நின்று முட்டி இரண்டையும் கெடுத்துக்கொண்டவர். சிவப்பு வந்த பிறகுதான் முட்டி அவர் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. அதனால் அந்தத் தொப்பியைக் கழற்ற மாட்டார். டீக்கடைக்குத் தொப்பி. ரேஷன் கடைக்குத் தொப்பி. தெருவில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டி, மேலே தொப்பி போட்டு வந்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா அவரைக் கேட்டரிங் ஆள் என்று நினைத்து ரசம் கேட்டார். மேப்பு எழுந்து போய் ரசம் கொண்டுவந்து கொடுத்தார்.

ஷிப்டு ஆரம்பத்தில் தலை எண்ணுவது லைன் லீடர் வேலை. மற்ற லீடர்கள் தூரத்தில் நின்று எண்ணுவார்கள். மேப்பு முதலில் தன் தொப்பியைத் தட்டி “ஒண்ணு” என்பார். பிறகு ஒவ்வொருவர் தொப்பியாகத் தட்டிக்கொண்டு வருவார். தட்டினால்தான் ஆள் வந்ததாகக் கணக்கு.

ஒரகடத்தில் மலை கிடையாது. மேம்பாலம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை அங்கே பயிற்சிக்குக் கூட்டிப் போனார். நாங்கள் மிதித்தோம். அவர் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்தார்.

“இன்னா தலைவரே, பஞ்சரா?”

“இல்லப்பா. மலை ஏற பிராக்டிஸ்.”

ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பாலத்தையும் பார்த்தார்கள். ஆட்டோ போய்விட்டது.

ஐந்து பேருக்கும் ஒரே நாளில் லீவு வேண்டும் என்று மேப்பு சூபர்வைசரிடம் போய் நின்றார். சனிக்கிழமை. ஞாயிறு எப்படியும் விடுமுறை. சூபர்வைசர் காலண்டரைப் பார்த்தார்.

“திங்கக்கெழம காலையில ஏ ஷிப்டுக்கு அஞ்சு தலையும் லைன்ல இருக்கணும். ஒரு தல கொறஞ்சாலும் தொப்பியக் கழட்டி வெச்சுடு.”

“சரிங்க சார்.”

“நெசமாத்தான் சொல்றேன். ரெண்டு பேரு அந்தத் தொப்பிக்குக் காத்துகினு கீறாங்க.”

“ஒரு தலையும் கொறையாது சார்.”

ஓ.டி.க்கு மட்டும் டூர் என்று சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டான். “சனி, ஞாயிறு ஒரு வேல இருக்கு” என்றார். ஓ.டி. எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டான்.

என் மாமா பையன் குட்டியானை ஓட்டுகிறான். போளூருக்கு லோடு ஏற்றப் போகிற வண்டியில் சைக்கிள்களையும் எங்களையும் ஏற்றிக்கொண்டான். ஞாயிறு சாயங்காலம் அதே இடத்துக்கு வருவான். ஏற்றிக்கொண்டு கிளம்புவான். நிற்க மாட்டான். தக்காளி நிற்காது.

பஸ் ஸ்டாண்டில் மேப்பு எங்களை வரிசையில் நிற்க வைத்தார். ஆரஞ்சு ஜாக்கெட் கொடுத்தார், இருட்டில் மின்னுமே, அது. சேஃப்டி ஷூ. கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு. தலையில் தொப்பி. ஜாக்கெட் இல்லாமல் ஒரு வளைவுகூடத் திரும்பக் கூடாது என்றார். பிறகு கம்பெனியில் காலையில் சொல்வோமே, அந்தப் பாதுகாப்பு உறுதிமொழி, அதைச் சொல்ல வைத்தார். கையை நீட்டிக்கொண்டு சொன்னோம். டீக்கடைக்காரர் பால் பொங்குவதைக் கவனிக்காமல் எங்களைக் கவனித்தார்.

“ரோடு போட வந்தீங்களா?”

“இல்லண்ணே, டூரு” என்றான் ராஜபாளையம்.

“டூருக்கா இந்த வேஷம்?”

ஓ.டி. என் பக்கம் சாய்ந்தான். “அண்ணே, இது டூரா?” என்று மெதுவாகக் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் முகம் சாயங்காலம் வரை சரியாகவில்லை.

மலை ஆரம்பித்தது. ராஜபாளையமும் ஓ.டி.யும் மிதித்தார்கள். ஜோசப்பும் நானும் பாதி மிதித்தோம், பாதி தள்ளினோம். மேப்பு முதல் வளைவுக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார்.

“ஏண்ணே எறங்கிட்டீங்க?”

“மிதிச்சா கண்ணு ரோட்டுல இருக்கும்ப்பா. ரூட்டப் பாக்குறது யாரு?”

“அப்ப இது சைக்கிள் டூரு இல்லியே” என்றான் ஜோசப். “நட டூரு.”

“சக்கரம் சுத்துதுல்ல? சுத்துனா சைக்கிள் டூருதான்.”

ஏற்றத்தில் முட்டிக்காக இறங்கினார். இறக்கத்தில் சேஃப்டிக்காக இறங்கினார். ஜவ்வாது மலையில் சமமான ரோடு குறைவு. விறகுக் கட்டோடு ஓர் ஆயா அவரைத் தாண்டிப் போனது. போனது திரும்பி நின்று, “அந்த சைக்கிள எதுக்குய்யா இட்டுகினு வர? உட்டுட்டு வந்தா சீக்கிரம் போலாமே” என்றது. மேப்பு, “ஜாக்கிரதையாப் போங்க ஆத்தா, வளைவு இருக்கு” என்றார்.

அட்டை வேறு. கேரியரில் செங்குத்தாகக் கட்டியிருந்தார். காற்று அடித்தால் சைக்கிள் தானாகத் திரும்பி போளூரைப் பார்க்கும். அவர் மறுபடி மலையைப் பார்க்கத் திருப்புவார். வளைவுக்கு வளைவு விசில் அடிப்பார். நாங்கள் நிற்க வேண்டும். வந்து தொப்பியைத் தட்டி எண்ணுவார். ஒண்ணு, ரெண்டு, மூணு. நடுக்காட்டில் யார் எங்கே ஓடிவிடப் போகிறோம் என்று ஜோசப் கேட்டான். “எண்ணாம விட்டா லைன் ஓடாது” என்றார்.

வழியில் ஓர் ஊரில் முதல் நடுகல்லைப் பார்த்தோம். ரோட்டோரம், ஒரு மரத்தடியில். கையில் வில்லோடு ஓர் ஆள் செதுக்கியிருந்தது. ஓ.டி. ஷூ லேஸ் கட்டக் குனிந்தபோது கையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கல் மேல் வைத்தான். கட்டி முடித்து எடுக்கப் போனான். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெண் தடுத்தாள்.

“எடுக்கப்படாது. வேடியப்பன் மேல வெச்சது வேடியப்பனுக்கு.”

“சும்மா வெச்சேம்மா. லேசு கட்ட.”

“எதுக்கு வெச்சா இன்னா? வெச்சது வெச்சதுதான்.”

ஓ.டி. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். புதுப் பாக்கெட். மேப்பு அட்டையை இறக்கி, அந்த இடத்தில் எழுதிக்கொண்டார்: கல் மேல் எதுவும் வைக்கக் கூடாது.

கல்வீட்டையும் பார்த்தோம். பெரிய பலகைக் கல்லை நிறுத்தி மேலே இன்னொரு கல்லை மூடியிருக்கிறார்கள். யார் கட்டியது, எப்போது கட்டியது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. சிமெண்ட் கிடையாது. மேப்பு நாலு மூலையையும் கையால் ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. “குவாலிட்டி ஓகே” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சனி ராத்திரி ஜமுனாமரத்தூரில் ஒரு கடை வராந்தாவில் படுத்தோம். ஞாயிறு காலை கடைசிக் கட்டத்துக்குக் கிளம்பினோம். அட்டையில் ஸ்டேஷன் ஏழு. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அவர்களை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்.

ஊருக்கு மேலே ஒரு மேடு. மேட்டின் உச்சியில் வேடியப்பன். அந்தப் பக்கத்திலேயே பெரிய கல் அதுதான் என்று தேன்காரர் மேப்புவிடம் சொல்லியிருந்தாராம். பாதை குறுகலாக இருந்தது. இரண்டு சைக்கிள் சேர்ந்து போகுமா என்று மேப்புக்குச் சந்தேகம். பையில் இருந்து டேப்பை எடுத்தார். ஒரு முனையை ஜோசப் பிடித்தான். மறுமுனையை மேப்பு பிடித்தார். ஓ.டி. எழுதினான். பக்கத்துக் கொல்லையில் சாமை அறுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஐந்து ஆரஞ்சு ஜாக்கெட். ஒரு டேப். அரிவாளோடு ஊருக்குள் போனார்.

கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். கூட்டம் என்று சொல்ல முடியாது. ஊரே வந்தது. முன்னால் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர்.

“எந்தக் கம்பெனி?”

மேப்பு பெருமையாகக் கழுத்துக் கார்டைத் தூக்கிக் காட்டினார். இது முதல் தப்பு.

“இன்னாத்துக்கு அளக்கிறீங்க?”

“சும்மாதான்ங்கய்யா. ரோடு எம்புட்டு அகலம்னு பாத்தோம்.”

“பாத்து?”

“எங்காளுக பின்னாடி நெறைய வருவாக. அவுகளுக்குச் சௌகரியமா இருக்கணும்ல.”

இது இரண்டாவது.

சாமை அறுத்த அம்மா கேரியரில் இருந்த அட்டையைக் காட்டினார். அவிழ்த்துத் தரையில் விரித்தார்கள். எல்லோரும் குனிந்தார்கள்.

“இதுல எங்க ஊரு எது?”

“இந்தா, இந்தக் கட்டம். ஸ்டேஷன் ஏழு.”

“கட்டம் எங்க ஊருக்கு மட்டுந்தானா?”

“இல்லங்கய்யா. எல்லா ஊருக்கும் போட்டாச்சு.”

அதற்குப் பிறகு நான் தப்பை எண்ணவில்லை.

பெரியவர் சத்தம் போடவில்லை. “அளக்கறதுக்கு முன்னாடி கேக்கணும்னு தோணலியா?” என்றார். அவ்வளவுதான். மேப்பு டூர் என்று சொல்லிப் பார்த்தார். டூர் வருகிறவன் டேப் கொண்டுவருவானா என்றார்கள். அது சரியான கேள்வி.

எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. பென்னலூரில் எங்கள் நிலத்தைக் கம்பெனிக்கு எடுக்கவும் இதே ஜாக்கெட்டில்தான் வந்தார்கள். இதே மாதிரி டேப். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. வெயிலாக இருக்கிறதே என்று மோர் கொடுத்தோம்.

சைக்கிள்களை மாட்டுப்பட்டியில் வைத்துப் படலைச் சாத்தினார்கள். ஊர்த் தலைவர் சந்தைக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வருவார், அவர் வந்து விசாரிக்கட்டும், அதுவரை இருங்கள் என்றார்கள். உட்காரப் பாய் போட்டார்கள். சாமைச் சோறும் குழம்பும் வந்தது. ஓ.டி. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். பிஸ்கட் போன துக்கம் அப்போதுதான் தீர்ந்தது.

மேப்பு சோற்றைத் தொடவில்லை. நாளை என்றால் திங்கட்கிழமை. ஏ ஷிப்டு.

“ஐயா, இன்னைக்கே போகணும்ங்கய்யா. இல்லாட்டி என் தொப்பி போயிரும்.”

“தொப்பி போனா இன்னா? வேற வாங்கிக்க.”

மேப்பு பேண்ட்டைச் சுருட்டி முட்டியைக் காட்டினார். இரண்டும் சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தன. இந்த முட்டியை வைத்துக்கொண்டு இனிமேல் நாள் முழுக்க நிற்க முடியாது, தொப்பி இருந்தால்தான் உட்கார விடுவார்கள் என்றார்.

சாமை அறுத்த அம்மா குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு ஊரைத் திரும்பிப் பார்த்தார்.

“இந்த முட்டிய வெச்சுகினு இவரு மலையில சைக்கிள் மிதிச்சாராம். பொய்யி. ஜீப்ல வந்து கீழ நிறுத்திட்டு வந்துகிறாங்க.”

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இதுவரை அவர் மிதிக்கவில்லை என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும்.

பெரியவர் மேட்டைக் கை காட்டினார்.

“அளக்க வர ஆளு ஜீப்ல வருவான். சைக்கிள் மிதிக்க மாட்டான். நீ வேடியப்பன் வரைக்கும் மிதிச்சுக் காட்டு. கால் ஊனாம. நம்பிடறோம்.”

“நான் மிதிக்கேன்ங்கய்யா” என்று ராஜபாளையம் எழுந்தான்.

“நீ வேணாந் தம்பி. செவப்புத் தொப்பி மிதிக்கட்டும். அவருதான உங்கள இட்டாந்தாரு.”

பட்டியைத் திறந்து மேப்புவின் சைக்கிளை மட்டும் கொண்டுவந்தார்கள். அவர் மேட்டைப் பார்த்தார். ஒரகடம் மேம்பாலத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. தொப்பியை இறுக்கிக்கொண்டார். ஏறி உட்கார்ந்தார். நான் சீட்டைப் பிடித்தேன். “கைய எடுப்பா” என்றார். எடுத்தேன்.

மிதித்தார்.

அவ்வளவு மெதுவாக ஒரு சைக்கிள் விழாமல் போகும் என்று நான் நினைத்ததில்லை. ஊர் முழுக்கக் கூடவே நடந்தது. நடந்ததுகூட இல்லை, நின்று நின்று நடந்தது. முன்னால் போன பிள்ளைகள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஓர் ஆட்டுக்குட்டி சக்கரத்தை முகர்ந்துகொண்டே வந்தது. வாயில் விசில் இருந்தது. எடுக்க மறந்துவிட்டார். மூச்சு விடும்போதெல்லாம் அது அடித்தது. பழக்க தோஷத்தில் நாங்கள் நாலு பேரும் ஒவ்வொரு விசிலுக்கும் நின்றோம்.

பாதி மேட்டில் யாரும் சிரிக்கவில்லை. வலது முட்டி மடங்கும்போது அவர் முகம் ஒருபக்கமாக இழுத்தது. சாமை அறுத்த அம்மா, “போதும், எறங்கிடுப்பா” என்றார். விசில் பதில் சொன்னது. “யோவ், எறங்கச் சொல்லுய்யா அவர” என்று பெரியவரிடம் சண்டைக்குப் போனார். பெரியவரும் இறங்கச் சொன்னார். மேப்பு இறங்கவில்லை. அவருக்குக் காது கேட்டதா என்று தெரியவில்லை.

கல் வந்தது. அதன் பக்கத்தில் சைக்கிளோடு சாய்ந்தார். கால் ஊன்றவில்லை. முதுகுதான் ஊன்றியது.

கை தட்டவில்லை யாரும். அந்த அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நாங்கள் பிடித்து நிறுத்தினோம். பெரியவர் கல்லுக்கு முன்னால் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அங்கே தலையை மூடிக்கொண்டு நிற்கக் கூடாது. எங்கள் நீலத் தொப்பிகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டோம். மேப்பு சிவப்புத் தொப்பியைக் கழற்றினார். அவர் தலையை நான் பார்த்தது அன்றுதான். முன்னால் வழுக்கை. தொப்பியைக் கல்லின் உச்சியில் வைத்தார். இரண்டு கையாலும் கும்பிட்டார்.

ஓ.டி.தான் முதலில் கவனித்தான். மேப்புவின் முழங்கையைப் பிடித்தான்.

“அண்ணே... பிஸ்கட்டு...”

மேப்பு கண்ணைத் திறந்தார். ஓ.டி.யைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். கல்லில் இருந்தவன் கையில் வாளோடு, ஒரு காலை முன்னால் வைத்து, பின்னால் யாரையோ வரச் சொல்கிற மாதிரி நின்றான். தொப்பி அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

“கேளுண்ணே. கேட்டா குடுப்பாங்க” என்றான் ஜோசப்.

அந்த அம்மா அதற்குள் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வந்து கல்லுக்கு வைத்தார். தொப்பிக்கும் வைத்தார்.

“விடுப்பா” என்றார் மேப்பு. “அவரும் முன்னாடி நின்னு ஆளுகளக் கூட்டிட்டுப் போனவருதான.”

மறந்து வைத்தாரா, தெரிந்தே வைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எழுதி வைத்துக்கொண்டவர் அவர். மறக்கிற ஆளும் இல்லை.

பட்டியைத் திறந்துவிட்டார்கள். அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த அம்மா குனிந்து, “ஓட இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்” என்று விரல் வைத்துக் காட்டினார். மேப்பு திருத்திக்கொண்டார். “கட்டம் மட்டும் வேணாம்ப்பா” என்றார் பெரியவர். மேப்பு கட்டத்தை அடித்துவிட்டுச் சின்னதாக ஒரு கல் வரைந்தார். அவர் வரைந்ததிலேயே பார்த்தால் இன்னது என்று தெரிகிற ஒன்று அதுதான்.

இறக்கத்தில் முதல்முறையாக அவர் இறங்கித் தள்ளவில்லை. தள்ள முட்டி இல்லை. பிரேக்கைப் பிடித்துக்கொண்டு போளூர் வரை உட்கார்ந்தே வந்தார். குட்டியானை கிளம்புகிற நேரத்தில் பிடித்தோம். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எங்களை எண்ணினார். தன் வெறும் தலையைத் தட்டி “ஒண்ணு” என்றார்.

திங்கட்கிழமை ஏ ஷிப்டு. சூபர்வைசர் கேட்டில் நின்று எண்ணினார்.

“அஞ்சு தலையும் கீது. தொப்பி எங்க?”

“நீங்கதான சார் கழட்டி வைக்கச் சொன்னீங்க.”

“தல கொறஞ்சாத்தான்யா கழட்டச் சொன்னேன்.”

“வச்சுட்டேன் சார்.”

“எங்க வெச்ச?”

“வேடியப்பன் கிட்ட.”

“எந்த டிபார்ட்மெண்ட் அவரு?”

நாங்கள் சிரிக்கவில்லை. சூபர்வைசரும் சிரிக்கவில்லை. கம்பெனிப் பொருளைத் தொலைத்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். சாமி கும்பிட்டேன் என்று எழுதினால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். கையெழுத்து இல்லாமல் வேறு சிவப்பு கிடையாது. தொப்பிக்குக் காத்திருந்த இரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பு கிடைத்தது. மேப்புக்கு ஸ்டோரில் இருந்து நீலம் கொடுத்தார்கள். என் பக்கத்து ஸ்டேஷன். ஸ்டூல் கிடையாது.

அவர் ஒரு காலில் கொஞ்சம், மறு காலில் கொஞ்சம் என்று மாற்றி நின்றார். புது லீடர் தூரத்தில் நின்று எண்ணுவார். மேப்பு தன் நீலத் தொப்பியைத் தானே மெல்லத் தட்டிக்கொள்வார். அடுத்த மழைக்காலம் தாங்கவில்லை. கணக்கை முடித்துக்கொண்டு போடிக்குப் போனார். ரூமைக் காலி செய்தபோதுதான் சுவர் பச்சை என்று எங்களுக்குத் தெரிந்தது. ஜவ்வாது அட்டையை என்னிடம் கொடுத்தார். இப்போது எங்கள் வீட்டில் ஃபேன் போட வேண்டுமென்றால் நடுகல்லுக்குப் பக்கத்தில் கையை விட வேண்டும். என் சம்சாரம் முதலில் திட்டியது. இப்போது திட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோசப் போன் போடுவான்.

“இன்னாண்ணே, வாசல்ல கீற மலைய ஏறிட்டியா?”

“வரைஞ்சு முடிச்சிட்டேம்ப்பா. நீங்க வாங்க. மிதிங்க. நான் பின்னாடியே தள்ளிட்டு வாரேன்.”

இந்த வருஷம் சாமை அறுப்புக்கு நாங்கள் நாலு பேரும் ஸ்டேஷன் ஏழுக்குப் போனோம். ஜாக்கெட் இல்லை. டேப் இல்லை. அந்த அம்மா தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். “விசில்காரர் வரலியா?” என்று கேட்டார். முட்டி என்றேன். அவருக்கென்று ஒரு பை சாமை கட்டிக் கொடுத்தார். அது தனியாகப் போடிக்குப் போக வேண்டும்.

மேட்டில் ஏறினோம். தொப்பி இருந்தது. வெயிலிலும் மழையிலும் சிவப்பு வெளுத்துவிட்டது. மஞ்சள் மேல் மஞ்சள் ஏறிக் கெட்டியாகிவிட்டது. யாரும் அதை நகர்த்தவில்லை.

கிளம்பும்போது யாரும் கிளம்பவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என்னவென்று எனக்குப் புரிந்தது. எங்களை யாரும் எண்ணவில்லை.

கல் மேல் இருந்த தொப்பியை முதலில் தட்டினேன். பிறகு ஜோசப். ராஜபாளையம். ஓ.டி. கடைசியாக நான்.

ஐந்து.